சுலோச்சனாக்காவின் கடப்பாரை

தார்ப்பாய்க் கடை சுலோச்சனாக்கா இறந்துவிட்டார். மாரடைப்பு. அவர் மகள் தேவி போனில் "மாமா, அம்மா போய்ட்டாங்க" என்றபோது நான் சிமென்ட் மூட்டைகளைத் தரையிலிருந்து எடுத்துப் பலகை மேல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வானம் கறுத்திருந்தது. முந்தின நாள்தான், மூட்டையைக் கீழே வைக்காதே என்று அக்கா பக்கத்துக் கடையிலிருந்து கத்தியிருந்தார்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எங்கள் வரிசைக் கடைக்காரர்களுக்கும் அந்த வழியில் ஓடும் லாரிக்காரர்களுக்கும் அவரைத் தெரியும். அவரிடம் ஒரே விலை. பேரம் பேசினால், "மழ வரும்போது வா நைனா, அப்போ நீயே வெல சொல்லு" என்பார்.

சில வருஷங்களுக்கு முன்பு சாலை போட்டவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் கொட்டினார்கள். சாலை உயர்ந்தது, கடைகள் பள்ளத்தில் கிடந்தன. கடைகளின் எதிரில் இருந்த மழைநீர் வடிகால் வாய்கள் தாருக்கடியில் போய்விட்டன. முதல் மழையிலேயே என் சிமென்ட் கல்லாகிவிட்டது. ஊர் லாரிகளை எல்லாம் நனையாமல் காப்பாற்றும் அக்காவின் கான்வாஸ் படுதாக்கள் பூஞ்சை பிடித்தன. நகராட்சிக்குப் போனால், அது தேசிய நெடுஞ்சாலை, கை வைக்க முடியாது என்றார்கள். நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனால், வடிகால் நகராட்சியுடையது என்றார்கள். ஒப்பந்தக்காரரோ, எனக்குத் தார் போடத்தான் ஒப்பந்தம் என்றார்.

நாங்கள் விடவில்லை. கடைசியில் ஒரு நெடுஞ்சாலை இன்ஜினியர் நேரில் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகச் சட்டம் சொன்னார். இந்தச் சாலையும் ஓரத்து நிலமும் மத்திய அரசுக்குச் சொந்தம். பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு, வேண்டுமானால் மாநிலத்திடம் ஒப்படைக்கலாம். டீசல் மேல் போடும் செஸ் வரி, சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாம் மேலே போய், அங்கிருந்துதான் பணம் ஒதுக்கி வரும். வடிகாலைத் திறக்கவும் மதிப்பீடு போட்டு மேலே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும்.

அக்கா முழுவதையும் கேட்டார். "டீசல்ல புடிக்கிறீங்கோ, டோல்ல புடிக்கிறீங்கோ. ரோடு டெல்லிது, துட்டு டெல்லிது. தண்ணி மட்டும் இன்னாத்துக்கு சார் என் கடைக்கு வருது?"

நான் வியாபாரி. காசு வாங்கினவன்தான் பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் கடையில் அதுதான் சட்டம். இன்ஜினியரோ, ஒப்புதல் வரட்டும் என்றார்.

அக்கா கடைக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். இன்ஜினியர் பதறிவிட்டார். "அம்மா, நேஷனல் ஹைவேயை ஒடச்சா ஜெயிலு, தெரியுமா?"

"ஜெயிலுக்குள்ள தண்ணி வராது இல்ல? அப்போ இட்டுகினு போ சார். ஒடச்சிட்டு வரேன், ஒரு டீ குடிச்சிகினு இரு."

இன்ஜினியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். அக்காவும் நானும் மாறி மாறி அடித்து வடிகால் வாய்களைத் திறந்தோம். அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் இரண்டு கடைகளிலும் தரை காய்ந்தே இருந்தது. கேட்ட ஒப்புதல் இன்றுவரை வரவில்லை.

ஆனால் போன மாதம் மறுபடி சாலை போட்டார்கள். அதற்கு மட்டும் ஒப்புதலும் வந்தது, பணமும் வந்தது. மறுபடியும் சுரண்டவில்லை, வடிகால் வாய்கள் மறுபடியும் மூடிக்கொண்டன. "ஞாயித்துக்கெயம ஒடச்சிடலாம் நைனா" என்று அக்கா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் தேவி வேலையை விட்டுவிட்டுக் கடையைத் திறந்தாள். அம்பத்தூரில் நல்ல கம்பெனி வேலை. கடையில் போட்டிருக்கும் முதல் எல்லாம் அந்தப் படுதாக்கள்தான். ஒரு மழை உள்ளே வந்தால் எழுந்திருக்க முடியாது. அக்கா ஞாபகமாக அந்தக் கடப்பாரையைக் கொடு என்று கேட்டேன்.

"சும்மா தர மாட்டேன் மாமா" என்றாள். அக்காவின் குரலேதான்.

கடப்பாரை இப்போது என் கடையில் இருக்கிறது. அதற்கு அவள் சொன்ன விலை: மழைக்கு முன் அவள் கடை எதிரில் உள்ள வடிகால் வாயைத்தான் முதலில் திறக்க வேண்டும், என் வாசல் பிறகு. அடிப்பது நான். இன்ஜினியர் வந்தால் பேசுவது அவள். இனி ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் இதே ஏற்பாடு. பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டேன்.