புராப்பர் சானலில் போன விண்ணப்பம்

எம்.ஏ. முடித்தபின் வெளிநாடு போய் ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ என்ற பெரிய வயலின் வாசிக்கப் படிப்பதற்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்காலர்ஷிப். டெல்லி சாணக்யபுரியில் ஒரு தூதரகம் அதைக் கொடுத்தது. வயது வரம்பு இருந்ததால் எனக்கு அதுதான் கடைசி வருஷம்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து பஸ்ஸில் போனால் விண்ணப்பத்தை நேரிலேயே கொடுத்துவிடலாம். மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா விடவில்லை.

“ஃபாரின் எம்பசிக்கு நேரா எழுதினா என் வேலைக்கே ஆபத்து. புராப்பர் சானல்லதான் போகணும்.”

“கவர்ன்மென்ட் வேலை பாக்கறது நீங்கப்பா, நான் இல்ல.”

“நீ உன் செல்லோவ வாசி. ஆபீஸ எனக்குச் சொல்லித்தராதே.”

விண்ணப்பத்தைத் தன் மேலதிகாரியிடம் கொடுத்தார். அவர் தனக்கு மேலே இருந்தவருக்கு அனுப்பினார். தினமும் கேட்டேன். “அச்சா, அச்சா, நகர்ந்துண்டிருக்கு” என்பார். இன்னொரு படிவம் வாங்கி அவருக்குத் தெரியாமல் நானே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்தக் கோபம் என்மேல்.

ஏழு வாரம் கழித்து, ‘ஆட்சேபணை இல்லை’ என்ற முத்திரையோடு அது கைக்கு வந்தது. தூதரகத்துக்கு ஓடினேன். கடைசித் தேதி போய், வாசிக்க வைத்து ஆளையும் எடுத்தாகிவிட்டது என்றாள் அங்கிருந்த பெண்.

வீட்டில் வந்து சொன்னேன்.

“முறையாத்தானே போனோம். நம்ம மேல தப்பில்லம்மா” என்றார் அப்பா.

ஆறுதலாகத்தான் சொன்னார். நான் மன்னிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை.