முத்துச்செல்வியின் மஞ்சள் பை

முத்துச்செல்விக்கு அந்தப் பையை விற்றவன் நான்தான். அவளைப் பற்றி வேறு யாராவது எழுதினால் அவள் எடுத்த படங்களில் இருந்து ஆரம்பிப்பார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது. பையைப் பற்றி வரும். மதுரையில் டவுன் ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருபத்திரண்டு வருசமாகப் பைக் கடை வைத்திருக்கிறேன்.

அவள் எழுமலைக்காரி. அப்பா சங்கிலியும் அம்மா தங்கப்பொண்ணும் அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். மகளை மட்டும் காட்டுக்குள் இறக்காமல் கல்லூரி வரைக்கும் அனுப்பினார்கள். படித்துவிட்டு மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் பண்ணும் வேலைக்கு வந்தாள். எவனோ எடுத்த படத்தில் இருக்கும் முகத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் வெள்ளையாக்கிக்கொண்டு நாலு வருசம் உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டாள்.

சடங்கு வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறைக்குள் ஆம்பளை கேமராக்காரனை விடமாட்டார்கள். இவள் உள்ளே போவாள். சித்திமார் சேலை கட்டிவிடுவது, அத்தைமார் கேலி பண்ணுவது, அந்தப் பிள்ளை வெட்கத்தில் முகத்தை மூடுவது எல்லாம் இவளுக்குத்தான் கிடைக்கும். அந்த ஒரு வாசல் வழியாகத்தான் அவள் தொழில் உள்ளே நுழைந்தது.

என் கடைக்கு வந்த அன்றைக்குக் கேமராவைத் துண்டில் சுற்றி ஒரு ஜவுளிக்கடைப் பையில் வைத்திருந்தாள். பஸ் கம்பியில் இடித்து லென்ஸ் விளிம்பு லேசாகப் பிளந்திருந்தது.

"அண்ணே, சின்னதா ஒரு பை வேணும். கேமரா, இன்னொரு லென்ஸு, பிளாஷு, ரெண்டு பேட்டரி. இம்புட்டுத்தான் எஞ்சொத்து."

"முதுகுல மாட்டுறதாம்மா, தோள்ல போடுறதா?"

"தோள்லண்ணே. பஸ்ல சீட்டு கெடைச்சா மடியில வச்சுக்கணும். கெடைக்காட்டி நெஞ்சோட அணைச்சுக்கணும்."

சொத்தையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொன்னேன். பை வாங்க வருகிறவர்கள் பையைத்தான் பார்ப்பார்கள். நான் உள்ளே போகப்போகும் சாமானைப் பார்ப்பேன். பஞ்சுத் தடுப்பை நகர்த்தி நடுவில் கேமராவை லென்ஸ் கீழே பார்க்கிற மாதிரி இறக்கினேன். பக்கத்தில் லென்ஸ், மறுபக்கம் பிளாஷ். ஜிப் உடம்புப் பக்கமாகத் திறக்கவேண்டும், கூட்டத்தில் எவன் கையும் போகாது. அடியில் மழை உறை இருக்கவேண்டும். இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அதில் குறை இல்லை.

அவள் ஒரு கறுப்புப் பையை எடுத்தாள். பேர் எழுத்து எதுவும் கிடையாது. ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பை மாதிரி இருக்கும்.

"இது போதும்ணே. பாத்தா கேமரா பைன்னு தெரியக்கூடாது."

திருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. மேல் தட்டில் மாம்பழ மஞ்சளில் நீல வார் போட்ட பை ஒன்று ஒரு வருசமாகத் தூசி குடித்துக்கொண்டிருந்தது. டெல்லி வியாபாரி மாதிரிக்கு அனுப்பிய ஒற்றைப் பை. தொட்டுப் பார்த்தவன் எல்லாம் சிரித்துவிட்டுப் போனான்.

"சடங்கு வீட்டுக்குப் போற பொண்ணு கறுப்பையா தூக்கிட்டுப் போவ? வாசல்லயே மூஞ்சியச் சுழிப்பாங்க. மஞ்சள் மங்களகரம்மா. தூரத்துல வரும்போதே போட்டோக்காரி வாரான்னு தெரியணும். தெரிஞ்சாத்தான நாலு பேரு கூப்புடுவான்?"

அவள் கறுப்பைக் கீழே வைக்க மனசில்லாமல் நின்றாள். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லவில்லை. கடைசியில் மஞ்சளை வாங்கிக்கொண்டு போனாள். ஒழிந்தது சனியன் என்று மேல் தட்டைத் துடைத்தேன்.

ஆனால் நான் சொன்னது பலித்தது. ஆறேழு மாசத்தில் திருநகர், திருமங்கலம் பக்கமெல்லாம் 'மஞ்சப் பைப் பொண்ணு' என்றால் தெரிந்தது. கடைப்பக்கம் வந்தால் டீ வாங்கிக்கொடுப்பாள். "ஒங்க பை ராசிண்ணே" என்பாள். எனக்கும் தலைக்கனம் ஏறியது. வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் அந்தப் பையைச் சொன்னேன்.

நான் குடியிருப்பது திருநகர். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சடங்கு, மண்டபத்தில் சாயங்காலம் தாய்மாமன் சீர். முத்துச்செல்விதான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பந்தியில் இருந்தேன். பெண்ணின் சித்தப்பா பாண்டிராஜ் பக்கத்தில் வந்து குனிந்தார். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்.

"விருமாண்டிண்ணே, அந்தப் பொண்ணு வச்சிருக்க மஞ்சப் பை ஒங்க கடைச் சரக்கா?"

"பெறகு? வேற எவன்ட்ட இருக்கு?"

"இதே மாதிரி வேற யாருக்கும் குடுத்திருக்கீகளா?"

"மதுரையிலயே அது ஒண்ணுதான்யா. வித்தவன் நானு, எனக்குத் தெரியாதா?"

அவர் நேராக மேடைக்குப் போனார். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதும் தெரியாது. இன்னொரு வடை கேட்டேன்.

அன்றைக்குக் காலையில் கே.கே. நகரில் ஆரோக்கியநாதன் என்ற வாத்தியாரின் சாவு. பாண்டிராஜோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலை போடப் பாண்டிராஜ் போயிருக்கிறார். கிறிஸ்தவர்கள் வழக்கத்தில் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் மொத்தமும் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அதுதான் கடைசிப் பார்வை. படம் எடுத்தது முத்துச்செல்வி. வாத்தியார் மகள் டயானா இவளோடு கல்லூரியில் படித்தவள். பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் மஞ்சள் பை தொங்கியிருக்கிறது. ஆள் முகத்தைப் பாண்டிராஜ் சரியாகப் பார்க்கவில்லை. பையைப் பார்த்திருக்கிறார்.

நான் கை கழுவிவிட்டு வரும்போது மேடையில் பாண்டிராஜின் சத்தம்.

"எழவு வீட்டுல வச்ச பையத் தூக்கிட்டு சடங்கு வீட்டுப் படியேறிருக்க."

"குளிச்சிட்டு, துணி மாத்திட்டுத்தான் சார் வந்தேன்."

"நானுந்தான் தலைக்கு ஊத்திட்டு வந்தேன். நீ குளிச்ச, சரி. பை குளிச்சுச்சா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பெண்ணின் அம்மா ஓடிவந்து மகளை மாலையோடு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். முத்துச்செல்வி மெமரி கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பிளாஷ், பேட்டரி, லென்ஸ் என்று ஒவ்வொன்றையும் அதது இடத்தில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அவ கறுப்புப் பைதான்யா கேட்டா, விக்காத சரக்க நாந்தான் அவ தலையில கட்டினேன்' என்று சொல்லியிருக்கலாம். தெருக்காரன், நாளைக்கு முகத்தில் முழிக்கவேண்டியவன் என்று நின்றுவிட்டேன்.

அவளைப் பஸ் ஸ்டாப்பில் போய்ப் பிடித்தேன்.

"அதுக்குத்தாண்ணே அன்னைக்கே கறுப்பு கேட்டேன். எல்லா வீட்டுக்கும் போறவ நானு. ஒரு வீட்டப் பத்தி இன்னொரு வீட்டுக்குத் தெரியக்கூடாதுல்ல."

"சொல்லியிருக்கலாம்லம்மா."

"கடையில நாலு பேரு நின்னாக. எழவு வீட்டுக்கும் போவேன்னு அங்க வச்சுச் சொன்னா எவன் கூப்புடுவான்?"

என்னத்தையாவது செய்யவேண்டும் என்று வாக்குக் கொடுத்தேன். "எம்பேத்திக்குக் காதுகுத்து வருது. நீதான் படம் எடுக்குற. எந்தெருவுலயே, இதே ஆளுக முன்னாலயே எடுக்குற. அதப் பாத்தா பேச்சு அடங்கிரும்." அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நெசமாவாண்ணே?" என்றாள்.

அதற்கப்புறம் நல்ல காரியத்துக்கு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. பேச்சு திருமங்கலம் தாண்டிப் போய்விட்டது. வாங்கியிருந்த முன்பணத்தை இரண்டு வீட்டுக்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பழைய ஸ்டுடியோவிலேயே போய் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மாசத்துக்கு ஒரு தடவை போன் வரும். "அண்ணே, காதுகுத்துக்குத் தேதி வச்சாச்சா? அன்னைக்கு லீவு சொல்லணும்." காசுக்காகக் கேட்கவில்லை. அந்த ஒரு நாளைப் பிடித்து ஏறி வந்துவிடலாம் என்று இருந்தாள்.

தேதி வைத்தோம். வீட்டில் சொன்னேன். என் பெண்டாட்டி சுந்தரம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒங்களுக்குப் பாவம் தீக்கணும்னா கோயிலுக்குப் போங்க. பச்சப்புள்ள காதுகுத்துல வச்சா தீப்பீக? நாளைக்குப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா ஊரு என்ன சொல்லும்?"

"பையத்தான மாத்தணும்? நான் வேற பை குடுத்துர்றேன்."

"ஆளையே தெரிஞ்சுபோச்சே. ஆள மாத்துவீகளா?"

மாப்பிள்ளையும் தலையை ஆட்டினார். கடையில் அம்புட்டுப் பேசுகிற வாய் வீட்டில் ஒட்டிக்கொண்டது. உள்ளதைச் சொல்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் எனக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. அதுவரைக்கும் பாண்டிராஜைத் திட்டிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

அந்த வாரமே போன் வந்தது.

"சிம்பிளாத்தாம்மா பண்றோம். போட்டோவெல்லாம் வேண்டாம்னுட்டாக" என்றேன்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

காதுகுத்து நல்லபடி நடந்தது. திருமங்கலத்தில் இருந்து இரண்டு பேர் வந்து குடை லைட்டெல்லாம் போட்டு எடுத்தார்கள். சுந்தரம்மாள் என் போனை வாங்கி, அவர்கள் அனுப்பியதில் பத்துப் பதினைந்து படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். எனக்கு மறுநாள்தான் தெரியும். அதற்குள் முத்துச்செல்வி பார்த்துவிட்டு ஒரு வரி அனுப்பியிருந்தாள்.

'பாப்பா அழகா இருக்கா அண்ணே.'

பதில் போடுவதற்கு இரண்டு மூன்று தடவை எடுத்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை.