எல்லிங்ஸ்ருட்டில் யானைகளுக்கு ஒரு ஹலோவீன்

அன்று காலை எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் கட்டடத்து லிஃப்டில் என்னோடு ஓர் எலும்புக்கூடும் ஏறியது. மூன்றாம் மாடிக்காரர் அதைக் குழந்தையைப் போல இடுப்பில் அணைத்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் எலும்புகள்தான். "ஹை" என்றார். நானும் "ஹை" என்றேன். பிறகு இருவரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். நோர்வேயில் லிஃப்டுக்குள் காலநிலையைத் தவிர வேறெதுவும் கதைப்பதில்லை. எலும்புக்கூடு வந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. இறங்கும்போது மட்டும், "இது உங்கள் மகளின் விழாவுக்கு" என்றார். நன்றி சொன்னேன். மகளின் விழாவுக்கு எலும்புக்கூடு கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லும் நாள் ஒன்று என் வாழ்க்கையில் வரும் என்று யார் நினைத்தார்கள்?

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஒக்டோபர் கடைசியில் இங்கே பிள்ளைகள் பேய்வேடம் போட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வருவார்கள். எங்கள் மகள் ஆரணி சின்னப்பிள்ளையாக இருந்தபோதுதான் இது எங்கள் வாசலுக்கு முதலில் வந்தது. கதவைத் திறந்தேன். தலையில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி நின்றாள். கட்டு முழுவதும் சிவப்பு. "க்னாஸ்க் எல்லர் க்னெப்!" என்றாள். இனிப்புத் தராவிட்டால் குறும்பு செய்வேன் என்று அதற்கு அர்த்தம். எனக்கோ அது ஏதோ காயத்தின் பெயர் போலக் கேட்டது. உள்ளே ஓடிப்போய் மருந்துப் பெட்டியோடு வந்து அவளை வாசலிலேயே இருத்தினேன். பின்னால் நின்ற தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் எடுத்தது. இரத்தத்தை விளையாட்டாகப் பார்க்க முடியாத ஒரு காலத்திலிருந்து வந்தவன் நான்.

அந்த ஆரணிக்கு இப்போது இருபத்தாறு வயது. உயிரியல் படித்தவள். போன வருடம் விடுப்பெடுத்து வன்னிக்குப் போய், யானைகளைப் பற்றி வேலை செய்யும் ஒரு சிறிய குழுவோடு மூன்று மாதம் நின்றுவிட்டு வந்தாள். வயல்களைச் சுற்றி வேலி போட அவர்களுக்குக் காசு தேவைப்பட்டது. சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி அது. யானைக்குச் சுள்ளென்று அடிக்கும், ஆனால் கொல்லாது. ஹலோவீன் அன்று பின்னேரம் எங்கள் குடியிருப்பின் பொது மண்டபத்தில் பேய்வேட விருந்து ஒன்று வைத்து அந்தக் காசைச் சேர்க்கலாம் என்று அவள் முடிவெடுத்தாள். சாப்பாட்டை என் மனைவி சுகந்தி பொறுப்பெடுத்தாள். எனக்கு இரண்டு வேலைகள் கிடைத்தன. ஒன்று, கட்டடம் முழுக்க அறிவித்தல் ஒட்டுவது. மற்றது, பூசணிக்காய் குடைவது.

முதல் வேலையிலேயே பிழை நேர்ந்துவிட்டது. அறிவித்தலில் "காட்டு விலங்குகளைக் காப்பதற்காக" என்று மட்டும் போட்டிருந்தோம். நிலக்கீழ் சலவை அறையில் அதை ஒட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த படிக்கட்டால் ஏறும் வீடொன்றில் குடியிருக்கும் சுல்வாய் என்ற மூதாட்டி தன் துணிகளோடு வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். தனியாக இருப்பவர், வணக்கத்துக்கு மேல் எங்களோடு கதைத்ததில்லை. அறிவித்தலை விரலால் தட்டி, "இது உல்வ்வுக்கா?" என்று கேட்டார். உல்வ் என்றால் ஓநாய். உல் என்றால் கம்பளி. துணி உலர்த்தும் மெஷினின் இரைச்சலில் அந்தக் கடைசி எழுத்து என் காதில் விழவில்லை. கம்பளி உடுப்பும் சேர்க்கிறோமா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் பஸ் ஓட்டியும், இதன் மொழியான நொர்ஸ்க்குக்கு என் காது இன்னும் இப்படித்தான்.

"ஓமோம்" என்றேன் உற்சாகமாக. "அது இல்லாமல் இந்த நாட்டில் எப்படி வாழ்வது? எங்கள் வீட்டிலேயே இரண்டு பெட்டி நிறைய இருக்கிறது. பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே போட்டுப் பழக்கினோம்."

சுல்வாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். துணிகளை மெஷினுக்குள் போடாமலே திருப்பித் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரமே எங்கள் கதவைத் தட்டினார். ஆரணிதான் திறந்தாள். சுல்வாயின் தம்பி வடகிழக்கே ஒரு காட்டுப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்ப்பவர். அந்தக் கோடையில் மட்டும் ஓநாய்கள் அவருடைய ஆடுகளில் பாதியைக் கிழித்துப் போட்டிருந்தன. "உன் அப்பா சிரித்துக்கொண்டு சொல்கிறார், ஓநாய் இல்லாமல் வாழ முடியாதாம்" என்று சுல்வாய் முறையிட்டார். காசு யானைக்குத்தான், ஓநாய்க்கு இல்லை என்று ஆரணி விளங்கப்படுத்தினாள். கம்பளிக் கதையும் வெளிவந்தது. சுல்வாயின் வாயோரம் மெல்ல அசைந்தது. ஆனால் போகும்போது, "யானையும் ஒருவருடைய சாப்பாட்டைத்தானே தின்னும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆரணியிடம் அதற்குப் பதில் இருந்தது, நீளமாகச் சொன்னாள். உள்ளே நின்ற நான் குசினிப் பக்கம் போய்விட்டேன்.

விழா நாளான சனிக்கிழமை காலை பத்துப் பூசணிக்காய்கள் குசினி மேசையில் இருந்தன. முந்தின நாள் கடைக்காரப் பெண், "இவை சாப்பிட நன்றாக இருக்காது, தெரியுமா?" என்று எச்சரித்திருந்தாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். குடைந்தெடுக்கும் சதையைச் சுகந்தி எப்படியும் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கிவிடுவாள். ஆரணி ஒரு காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெட்டிய மூடி ஒவ்வொரு தரமும் உள்ளே விழுந்தது. நான் கத்தியை வாங்கி, காம்பைச் சுற்றிச் சரிவாக வெட்டி, மூடியைத் தூக்கி, கரண்டியால் நாலு சுழற்று சுழற்றி வெறுமையாக்கி, மூடியைத் திரும்பப் பொருத்தினேன். வெட்டின அடையாளமே தெரியவில்லை.

ஆரணி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்கள் இதை எங்கை பழகினீங்கள்?"

"சும்மா" என்றேன். ஆனால் என் கை நின்றுவிட்டது. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். தோட்டக்காணி போதாமல், கிளிநொச்சிக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறியவர்களோடு அப்பாவும் மூன்று ஏக்கர் வயல் எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பதினாலு வயதான மாரியில், நெல் கதிர் தள்ளிய நேரம் யானைகள் வந்தன. ஒரே இரவில் பாதி வயல் போனது. இரண்டு நாள் கழித்து வந்து மிச்சத்தையும் முடித்தன. அடுத்த வருடம் அப்பாவும் அயலவர்களும் பூசணிக்காய்க்குள் வெடி வைப்பது என்று தீர்மானித்தார்கள். பன்றிக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். பன்றிக்கு அவ்வளவு பெரிய காய் தேவையில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்குக் கை நடுங்கும். ஆகவே குடைகிற வேலை எனக்கு. மூடி உள்ளே விழாமலும், வெட்டினது தெரியாமலும் இருக்கவேண்டும். நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தேன்.

அகப்பட்டது ஓர் இளம் பெண் யானை. வெடியில் வாய் கிழிந்த அது உடனே சாகவில்லை. குளக்கரையில் வந்து நின்றது. தும்பிக்கையால் தண்ணீரை உறிஞ்சி வாய்க்குள் விடும், தண்ணீர் அப்படியே கீழே ஊற்றும். திரும்பவும் உறிஞ்சும். ஆறு நாள் அப்படி நின்றது. பள்ளிக்கூடம் போகும் வழி அந்தக் குளக்கரைதான். ஏழாம் நாள் விழுந்தது. அந்த வருடம் நெல் முழுதாக வீடு வந்து சேர்ந்தது. அம்மா புது அரிசியில் பொங்கினா. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இதை ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. சுகந்திக்கே தெரியாது. போரைப் பற்றி எவ்வளவோ கதைத்திருக்கிறோம். அதிலே நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள், சொல்வது சுலபம். இது அப்படியல்ல. அன்று குசினி மேசையில், கையில் பூசணி விதைகள் ஒட்டியிருக்க, மகளுக்குச் சொன்னேன். யானைக்காக இரண்டு மாதமாக விழா வேலையில் ஓடித் திரிந்தவளுக்கு, யானையைக் கொன்ற கை இதுதான் என்று காட்டினேன்.

ஆரணி எழுந்தாள். கையைக் கழுவினாள். ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். யன்னலால் பார்த்தேன். காட்டுப்பாதைப் பக்கமாக வேகமாக நடந்தாள். "என்ன, ரெண்டு பேரும் கொளுவினீங்களோ?" என்று சுகந்தி கேட்டாள். "சண்டை ஒண்டும் இல்லை" என்றேன். மிச்சக் காய்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் குடைந்து முடித்தேன். விழா நடக்காது என்றே நினைத்தேன். அதைவிட, அவள் இனி என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்பதுதான் நெஞ்சில் கிடந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து வந்தாள். ஜக்கெட்டைக் கழற்றாமலே எனக்கு முன்னால் இருந்தாள்.

"அப்பா, அதுக்கு முதல் வருஷம், யானை எல்லாத்தையும் திண்ட வருஷம், நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "மரவள்ளிக் கிழங்கு" என்றேன். "பிறகு அதுகும் இல்லை. உன்ரை மாமியைப் பெரியம்மா வீட்டிலை கொண்டுபோய் விட்டது அப்பதான். அங்கை எண்டால் ஒரு நேரமாவது சோறு கிடைக்கும் எண்டு. என்ரை தங்கச்சி, எட்டு வயசு. ஒரு வருஷமாத் திரும்பி வரேல்லை."

அவள் மேசையில் கிடந்த விதைகளைக் கையால் ஒதுக்கினாள். "நான் அங்கை நிண்ட மூண்டு மாசமும் ஒருத்தரும் எனக்கு இப்பிடிச் சொல்லேல்லை. யானையைக் காப்பாத்த வந்த பிள்ளை எண்டு சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி தந்தவை. அவ்வளவுதான்." பிறகு என் கையைப் பிடித்தாள். "இதை நீங்கள் இண்டைக்கு ஃபெல்லஸ்லோகாலேயிலை சொல்ல வேணும்." பொது மண்டபத்தைத்தான் சொன்னாள். "எனக்குச் சொன்ன மாதிரியே."

"என்ரை நொர்ஸ்க்கிலையோ?" என்றேன். "உல்லையும் உல்வ்வையும் மாத்தினவன் நான்."

"நான் பக்கத்திலை நிக்கிறன்."

பின்னேரம் நாலு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நகரின் தெற்கே ஹவுகெட்டோவிலிருந்து எங்கள் ஆட்கள் இரண்டு குடும்பம், ஆரணியோடு வேலை செய்பவர்கள், கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரும் சூனியக்காரிகளும் வௌவால்களுமாக நின்றார்கள். லிஃப்டில் வந்த எலும்புக்கூடு கதவருகே தொங்கியது. மேசையில் சுகந்தியின் ரோல்ஸ், கடலை வடை, முட்டை வைத்துச் சுருட்டிப் பொரித்த மிதிவெடி. மிதிவெடி என்ற பெயரை ஆரணி அப்படியே நொர்ஸ்க்கில் எழுதி வைத்திருந்தாள். இங்குள்ளவர்கள் அது ஹலோவீனுக்காக வைத்த பெயர் என்று நினைத்து மெச்சினார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் வருடம் முழுக்க அதற்கு அந்தப் பெயர்தான் என்று நான் சொல்லப் போகவில்லை. சுல்வாயும் வந்திருந்தார். வேடம் எதுவும் இல்லை. பின்வரிசைக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

நான் எழுந்து சொன்னேன். இலக்கணம் தடக்கிய இடங்களில் ஆரணி ஒரு சொல் எடுத்துத் தந்தாள். "தும்பிக்கை" என்ற சொல் வரவில்லை, கையை மூக்கில் வைத்துக் காட்டினேன். முன்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு தண்ணீர் ஊற்றிய இடம் வந்தபோது சிரிக்கவில்லை. கடைசியில், "யானை கெட்டதில்லை. என் அப்பாவும் கெட்டவர் இல்லை. நடுவில் ஒரு வேலி இருந்திருந்தால் இரண்டு பேரும் தப்பியிருப்பார்கள்" என்றேன். பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயர்களைத் தவிர நான் நொர்ஸ்க்கில் பலர் முன் எதையும் பேசியதில்லை. சொல்லி முடித்து உட்கார்ந்தேன். இத்தனை வருடம் சுமந்த ஒன்றை எங்கேயோ இறக்கி வைத்தது போல இருந்தது.

பிள்ளைகள் விளையாடத் தொடங்கியபின் சுல்வாய் என் பக்கத்தில் வந்து இருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "செத்த ஆட்டின் இறைச்சியில் எங்கள் அப்பா நஞ்சு வைத்தார். ஓநாய் வரவில்லை. எங்கள் நாய் தின்றது. எனக்கு ஒன்பது வயது. நஞ்சுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்."

தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "ஒரு மிதிவெடி எடுங்கள்" என்றேன்.

"வெடிக்காதே?" என்றார்.

"சுகந்தி மிளகு கூடப் போட்டிருந்தால் வெடிக்கும்."

சுல்வாய் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். இரண்டு சாப்பிட்டார். போகும்போது பெட்டிக்குள் காசு போட்டுவிட்டு, யானைவேலிக்கு எத்தனை கம்பி, என்ன உயரம், மழையில் வேலை செய்யுமா என்று ஆரணியைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். தம்பியின் பட்டியிலும் அந்த மாதிரி வேலிதான் போடப் போகிறார்களாம்.

சேர்ந்த காசு வன்னிக்குப் போனது. தை மாதத்தில் அந்தக் குழுவினர் படம் அனுப்பினார்கள். முற்றிய நெல், அதைச் சுற்றி மெல்லிய கம்பி, கம்பிக்கு அப்பால் ஈரமண்ணில் பெரிய பாதச்சுவடுகள். வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன. ஆரணி அந்தப் படத்தைச் சுல்வாய்க்கும் அனுப்பினாள். இப்போது சுல்வாய் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். சுகந்தி அவருக்கென்று உறைப்புக் குறைத்துச் சமைப்பதில்லை. அவரும் கேட்பதில்லை. புலம்பெயர்ந்த வாழ்க்கையில் நல்லது நடந்ததா என்று யாரும் கேட்டால் நான் வீட்டையும் வேலையையும்தான் சொல்வது வழக்கம். இனி இதையும் சேர்த்துச் சொல்வேன்.

வைகாசி முடிவில் சுல்வாய் எங்களைத் தம்பியின் பண்ணைக்குக் கூட்டிப்போனார். தம்பி ஒட்வார் அதிகம் பேசாத மனிதர். புது வேலியைக் காட்டினார். பின்னேரம் ஆறு மணி, ஆனால் இங்கத்தைக் கோடை வெயில் உச்சியில் நிற்பதுபோல் இருந்தது. அவர் வாயைக் குவித்துக் கூப்பிட, சரிவில் மேய்ந்த ஆடுகள் குட்டிகளோடு இறங்கி வந்தன. பிறகு என்னிடம், "யானை வந்தால் நீங்கள் அங்கே எப்படிச் சத்தம் போடுவீர்கள்?" என்று கேட்டார். வெட்கமாக இருந்தது. சுகந்தியும் ஆரணியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெஞ்சு நிறைய மூச்செடுத்து, "ஓ... ஹோ... ஓய்!" என்று கத்தினேன். வயல் காவலில் போட்டு, பிறகு நாற்பது வருடமாக வெளியே எடுக்காத சத்தம். ஆடுகள் திகைத்து நின்றன. ஒரு கணம் கழித்து, எதிர்மலைக் காட்டுக்குள்ளிருந்து அதே சத்தம், அதே இழுவையோடு, திரும்பி வந்தது. ஆடுகளில் பாதி என்னைப் பார்த்தன, பாதி மலையைப் பார்த்தன. நானும் மலைப்பக்கமே திரும்பி, அங்கே நிற்கும் அந்தப் பதினாலு வயதுப் பெடியன் இன்னொரு தரம் கூப்பிடுவானோ என்று காத்துக்கொண்டு நின்றேன்.