குமிழி எண்ணுகிறவள்

கிணற்றில் விழுந்த மோட்டாரை மூழ்கி எடுத்துத் தருவது திருமாலின் தொழில். அவன் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மேலே வரும் குமிழிகளை எண்ணிக்கொண்டிருப்பது அவன் மனைவி வாசுகியின் தொழில். முதலாவதைத்தான் ஊரில் தொழில் என்பார்கள். இவளை, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறவள்தானே என்பார்கள். ஒரு நாள் நின்று பார்க்கட்டும், தெரியும்.

திருமால் அதற்கு முன்பு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் மண் அரைத்தவன். அந்தத் தூசு நெஞ்சை விட்டுப் போகவில்லை. கிணற்றில் இறங்கினால் கால் மணி நேரத்தில் களைத்து மேலே வந்துவிடுவான். காற்றுக்குக் குறைவில்லை. மேலே மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே வந்துகொண்டுதான் இருக்கும். கடித்திருக்கும் வாய்க்கருவியில் மூச்சை இழுத்தால்தான் காற்று வரும், முப்பதடி ஆழத்தில் அப்படி இழுப்பதே பெரும்பாடு. கை கால் ஓய்வதற்கு முன்னால் மூச்சு இழுக்கிற தசை ஓய்ந்துவிடும்.

அந்த வாய்க்கருவியைப் பழைய சாமான் விலைக்கு விற்றவன் பிரவீன்குமார். கடலூர் துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் வேலை பார்க்கிறவன். மூச்சுக்கும் தசை உண்டு, அதற்கும் சுமை கொடுத்துப் பழக்கினால் பலம் வரும், வெளிநாட்டில் இதற்கென்றே கருவி விற்கிறார்கள் என்று அவன் சொன்னான். விலையைக் கேட்டதும் திருமால் பேச்சை மாற்றிவிட்டான்.

வாசுகிதான் வழி கண்டுபிடித்தாள். அவள் வேலை செய்த கம்பெனியில் ஹீட்டருக்குப் பீங்கான் குழல் செய்தார்கள். சுண்டுவிரல் பருமன், நடுவில் தீக்குச்சி நுழையும் துளை. சூளையில் கோணிப்போய்க் கழித்துவிட்ட குழல் ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வழியாக மூச்சை இழுத்து விட வேண்டும். தினம் அரை மணி, வாரத்தில் ஐந்து நாள்.

முதல் நாள் அவன் முகம் பழுத்த மிளகாய் ஆயிற்று. தெருவில் போனவர்கள் இது என்ன புது மாதிரி பீடி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வாசுகி எதிரே கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் எண்ணினாள். பிற்பாடு அவன் இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழகினான், அதையும் எண்ணினாள். நாலு வாரத்தில் பலன் தெரிந்தது. முன்பெல்லாம் மூன்று எண்ணுவதற்குள் ஒரு கொத்துக் குமிழி வரும். இப்போது ஏழு எண்ண வேண்டியிருந்தது. நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தான்.

வினையும் அங்கேதான் தொடங்கியது. நல்லூரில் ஒரு கிணற்றில் குமிழி வரத் தாமதமாகவும் வாசுகிக்குப் பழைய கணக்கு நெஞ்சில் உதைத்தது. கயிற்றை ஒரு முறை சுண்டினாள். மேலிருந்து சுண்டினால் கீழிருந்து ஒரு சுண்டல் பதிலாக வர வேண்டும். அவன் இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததால் பதில் வரவில்லை. ஆளை இழுத்துவிட்டாள். பாதி கட்டிய மோட்டார் சேற்றுக்குள் போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் அவன் கூனிக்குறுகி நின்றான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு அழைத்துப் போனான். இனிக் கைவேலையை விட்டாவது பதில் கொடுப்பேன் என்று சொல்லி, பதில் வந்தால் எதற்காகவும் இழுக்க மாட்டேன் என்று அவர் மேல் சத்தியம் வாங்கினான். பிராது எழுதிக் கட்டினால் தீர்ப்புச் சொல்லுகிற சாமி அவர். அவர் சந்நிதியில் சும்மா வாய் வார்த்தைக்குச் சத்தியம் செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது.

இரண்டாயிரத்தொன்பது தை மாசம், கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஆதிநாராயணன் என்பவரின் கிணறு. மோட்டார் விழுந்து ஆறு நாள். மணிலாக் கடலைச் செடி வாடிக் கிடந்தது, அவர் முகம் அதைவிட வாடிக் கிடந்தது. வாசுகி காற்று வீசும் திசையைப் பார்த்து, எஞ்சின் புகை காற்றிழுக்கும் வாயில் நுழையாமல் விலகிப் போகும்படி கம்ப்ரஸரை வைக்கச் சொன்னாள். திருமால் இறங்கினான்.

ஏழு, ஏழு, ஏழு. கொஞ்ச நேரத்தில் ஐந்தாயிற்று. சேற்றைத் தோண்டுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. மோட்டாரைத் தூக்க ஆதிநாராயணன் நாலு ஆட்களோடு டிராக்டரையும் டிரெய்லரையும் கொண்டுவந்து எஞ்சினுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, டிராக்டரை அணைத்தார். கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்த வாசுகி திரும்பவில்லை.

பிறகு ஏழு. ஒன்பது. பதினொன்று.

"பாத்தியா, எம்மாம் நீளத்துக்கு மூச்சு வுடுறான். நல்லாத்தான் பழக்கி வுட்டிருக்க" என்று ஆதிநாராயணன் பாராட்டினார்.

வாசுகிக்கு அது நல்லதாகப் படவில்லை. குடம் தூக்கிய நாளெல்லாம் எண்ணியவள் அவள். சுமை ஏறினால் அவன் மூச்சு விரையுமே தவிர ஒரு நாளும் நீண்டதில்லை. சும்மா இருக்கிற நேரமும் இல்லை இது. கயிற்றைச் சுண்டினாள்.

பதில் வந்தது. ஒரே ஒரு சுண்டல்.

ஆதிநாராயணன் பெருமூச்சு விட்டார். வாசுகி கயிற்றை விடவில்லை. பதில் வந்துவிட்டது, சாமி மேல் சத்தியம் இருக்கிறது. இந்த முறையும் வேலை கெட்டால் இந்தச் சுற்று வட்டாரத்தில் இனி அவனை யார் கூப்பிடுவார்கள்? பன்னிரண்டு எண்ணினாள். பதின்மூன்று. குமிழி இல்லை.

"இழுங்க" என்றாள்.

"பதிலுதான் வந்துடுச்சே. வேலையக் கெடுக்காத."

"கெட்டுப் போவட்டும். இழுங்க!"

அவள் தொடங்கிவிட்டாள், மற்றவர்களும் வேறு வழியில்லாமல் கை கொடுத்தார்கள். கயிறு எதிலோ மாட்டி ஒரு நொடி நின்றது, பிறகு விட்டுக்கொடுத்தது. மேலே வந்தது துவண்ட உடம்பு. வாய்க்கருவி நழுவித் தொங்கியது. கரையில் புரட்டிப் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீரைக் கக்கினான், பிறகு ஒரு மூச்சு வந்தது. தலையைத் தூக்கிய வாசுகி அப்போதுதான் பார்த்தாள். புகை போகிற வழியில் டிரெய்லர் சுவர் மாதிரி நின்றது. அதில் மோதிய புகை அப்படியே திரும்பி, கம்ப்ரஸர் காற்றிழுக்கும் வாயில் நுழைந்துகொண்டிருந்தது. அத்தனை நேரமும் அவன் புகையைக் குடித்துத்தான் மயங்கியிருக்கிறான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பேச்சு வந்தது. தலை பிளக்கிறது என்றான். அவள் அதற்காகவே காத்திருந்தவள் போலச் சொல்லிவிட்டாள்.

"சத்தியத்த மீறிட்டேங்க. நீங்க பதில் குடுத்தும் இழுத்துட்டேன்."

அவன் ஆக்ஸிஜன் மூடியை நகர்த்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நான் எங்க பதில் குடுத்தேன்? ரெண்டாவது முடிச்சி போட்ட வரைக்குந்தான் தெரியும். கயித்த நான் தொடவே இல்லியே."

கிணற்றுக்குள் மோட்டார் குழாயில் மாட்டிக்கொண்ட கயிறு, அவள் சுண்டியதும் தானாகத் துள்ளித் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். வாசுகி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றங்கரையில் வராத அழுகை அப்போது வந்தது. கூடவே அவன் மேல் அப்படி ஒரு கோபமும் வந்தது.

"இனிமே எங்கிட்ட எந்தச் சாமி மேலயும் சத்தியம் கேக்காதீங்க" என்றாள்.

அவன் சரி என்றான். அவள் மூடியை எடுத்து அவன் மூக்கில் அழுத்தி வைத்தாள்.