குழாயின் மறுமுனை

மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். மாமா மட்டும் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வெளியே கிளம்புவார். வீடு வீடாகப் போய் முற்றத்தை எட்டிப் பார்ப்பார். தண்ணீர் சுழித்துக்கொண்டு குழாய்க்குள் இறங்கினால் அவருக்குப் போதும், அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார்.

அவர் என் அத்தையின் கணவர், குழாய் வேலை செய்பவர். கடலோரத்து எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. குழாய்க்காரர், அவ்வளவுதான். தெருவின் எல்லா வீடுகளுக்கும், பிறகு வந்த விடுதிகளுக்கும், மழைத்தண்ணீர் போக வழி செய்தவர் அவர். வழி என்றால் ஒரே வழிதான். ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப் போட்டுத் தெரு மேடாகிவிட்டது. சாக்கடைக்குத் தண்ணீரை ஏற்ற மோட்டார் வேண்டும். கடல் பக்கமோ நல்ல சரிவு. எல்லாக் குழாயும் மணலில் போய் முடிந்தது.

வீடுகளுக்கும் அலைக்கும் நடுவே ஒரு மணல்மேடு இருந்தது, கொடி படர்ந்து கிடக்கும். அறையிலிருந்து கடல் தெரியவில்லை என்று விடுதிக்காரர்கள் அதை வழித்துச் சமமாக்கிவிட்டார்கள். அப்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கும் கடல் தெரிந்தது.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து அத்தை வீட்டு மாடியில் தங்கினேன். கீழே பின்பக்கம் அத்தையின் சலவை அறை. விடுதிகளின் விரிப்புகளையும் துண்டுகளையும் அங்கேதான் துவைப்பாள். மெஷின் சுழலும்போது மெல்ல நகர்ந்து சுவரோரம் போய்விடும். அத்தை அதை இடுப்பால் தள்ளி இடத்துக்குக் கொண்டுவருவாள்.

"இது ஏன் அத்தை நடந்து நடந்து போகுது?"

"உன்ன மாதிரிதான். ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது."

தரைக்கும் பின்சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. குனிந்து பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது.

"மண்ணு இறங்குது," என்றார் மாமா. "கடல் எடுக்கும், அப்புறம் அதுவே கொண்டாந்து போடும்."

"இந்தத் தடவ கொண்டாரலையே," என்றாள் அத்தை.

"வரும்மா. எங்க போயிடப் போகுது."

மறுநாள் சாயங்காலம் திடீர் மழை. துணிக்கொடியில் கிடந்த விரிப்பு ஒன்று காற்றில் பறந்து கடற்கரையில் விழுந்தது. அதை எடுக்க மாமாவும் நானும் இறங்கினோம். எங்கள் குழாயின் வாயில்தான் அது சுற்றிக் கிடந்தது. மாமா அதை உருவியதும் தண்ணீர் பீறிட்டு மணலில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து அலை வரைக்கும் ஒரு பள்ளம் ஓடியது. அதன் ஓரங்கள் பொலபொலவென்று சரிந்துகொண்டிருந்தன. அந்தப் பள்ளத்தில் ஏறி அலை, சலவை அறையின் அடிவரைக்கும் வந்து போனது. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பள்ளம். எல்லாம் அவர் போட்ட குழாய்கள்.

"தண்ணி உள்ள போகுதான்னுதான் பாத்தேன்," என்றார். "எங்க போய் விழுதுன்னு ஒரு தடவகூட வந்து பாக்கல."

மழை விட்ட பிறகும் அங்கே மணல் காயவில்லை. காலையில் அத்தை மெஷினைப் போட்டதும் குழாய் மறுபடி ஒழுகத் தொடங்கியது. பக்கத்தில் காய்ந்த மணலைக் காற்று மேலே ஏற்றிக்கொண்டிருக்க, இங்கே ஈரமணலை அலை வழித்துக்கொண்டு போனது. மாமா வெகுநேரம் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்தார்.

"ஏம்மா, உன் மெஷின் தண்ணியும் சேந்துதான் உன் சுவரை அறுக்குது."

"அறுக்கறது என் தண்ணியா, நீங்க போட்ட குழாயா?"

மாமா குனிந்து தரை வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார்.

"சரி விடுங்க. மொதல்ல அத அடைங்க. இந்த ரூம் போச்சுன்னா நான் எங்க உக்காந்து தொவைக்கிறது?"

மாமா எங்கள் குழாயை அடைத்து, தொட்டி கட்டி, மோட்டார் வைத்து, தண்ணீரைத் தெருப் பக்கம் திருப்பினார். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்த் தான் போட்ட குழாயை அடைக்கச் சொல்லிக் கேட்டார். சிலர் ஒத்துக்கொண்டார்கள். பக்கத்து விடுதிக்காரர் சிரித்தார்.

"குழாய்க்காரரே, குழாய் போடும்போது கடல்ல எடமா இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"என் பக்கம் ஒரு கல்லு அசையல. சுவர் வச்சிருக்கேன்ல."

"அந்தச் சுவர்ல மோதற அலை எங்க பக்கம்தான் திரும்புதுங்க. உங்க தண்ணியும் சுவரோரமா எங்க பக்கம்தான் கொட்டுது."

"அலைய நானா திருப்பி விட்டேன்?"

மாமா எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த மழையில் எங்கள் முற்றத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. மோட்டார் தாங்கவில்லை. தெருவில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மாமா அதைக் கண்டுகொள்ளாமல் கடற்கரைக்கு இறங்கினார், நானும் போனேன். எங்கள் பள்ளம் பாதி தூர்ந்திருந்தது. ஆனால் விடுதிச் சுவரின் முனையில் அவர்களுடைய குழாய் கொட்டிக்கொண்டிருந்தது, சுவரில் அடித்துத் திரும்பிய அலை அந்த ஈரமணலை அள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சலவை அறையின் மூலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"கடல் இடிக்கறதுக்குள்ள நாமளே இடிச்சிடலாங்க," என்றாள் பின்னாலேயே இறங்கி வந்திருந்த அத்தை. "செங்கல்லாவது மிஞ்சும்."

மழை ஓய்ந்ததும் மெஷினைக் கூடத்துக்கு இழுத்து வந்தோம். மாமா கடப்பாரையை எடுத்தார். எங்கே அடிக்க வேண்டும் என்று அத்தை காட்டினாள். முதல் அடிக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பிறகு விழுந்த செங்கற்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள். சுவர் சிரமம் தரவில்லை. அது இருந்த இடத்தில் கடல் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் தெரிந்தது.

மத்தியானம் பக்கத்து விடுதியிலிருந்து விரிப்பு மூட்டைகள் வந்தன. கொண்டுவந்தவன் இடிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"துணி எடுத்துப்பீங்களாக்கா?"

அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா கடப்பாரையைச் சாய்த்து வைத்தார். கூடத்துக்குள் போய், மூட்டைகளுக்கு இடம் விட்டுக் கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளினார்.