ஒழுகும் கூரையின் கீழ் ஓர் ஆமென்

அப்பா இந்த வருடம் மாசி மாதம் காலமானார். அன்றிலிருந்து ஆண்டவனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவு கோபம்.

அம்மா முன்பே போய்விட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் கொச்சியை விட்டு இஸ்ரேலுக்குப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. அப்பா மட்டும் துறைமுக வேலைக்காகத் தூத்துக்குடி வந்து இங்கேயே தங்கிவிட்டார். இந்த ஊரில் எங்கள் வீடு ஒன்றுதான் யூத வீடு. தனியாக விட்டார்கள் என்று ஊரைக் குறை சொன்னால் அது பாவம். அப்பா இறந்த வீட்டுக்கு ஒரு வாரம் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காதான்.

ஆனால் அப்பாவுக்குக் கதீஷ் சொல்ல வழியில்லை. இறந்தவருக்காகப் பிள்ளைகள் சொல்லும் அந்தச் செபத்துக்குப் பத்துப் பேர் கூடி நின்று ஆமென் சொல்ல வேண்டும். நம்மவர் பத்துப் பேருக்கு நான் எங்கே போவேன்? எந்தெந்த நாட்டிலிருந்தோ கப்பல் வருகிறது, எனக்கு ஓர் ஆமென் வரவில்லை. ஓய்வுநாளுக்காக வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதையும் விட்டேன். ஆசி சொல்லிவிட்டு நானே எனக்கு ஆமென் சொல்லிக்கொள்வது வெறுத்துப்போயிருந்தது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், உப்புக் கம்பெனியில் வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்தேன். கூடாரப் பண்டிகைக்கு அப்பா வருடாவருடம் சுக்கா என்னும் ஓலைக் குடில் போடும் இடம் அது. நான்கு கால் நட்டு, பனையோலை பரப்பி, அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அங்கே வாய்விட்டு அழுதேன். "எனக்குப் பணம் வேண்டாம், வேறெதுவும் வேண்டாம். அப்பாவுக்கு ஒரு கதீஷ். அதுக்கு ஆள் அனுப்பு. உன்னால முடியாதா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதே சரி.

அடுத்த வாரம் கதவைத் தட்டினார்கள். திறந்தால் முன்பின் பார்த்திராத ஒரு பெண். என்னிடம் பேசும் முன், நிலைக்காலில் அப்பா பதித்திருந்த மெசூசாவைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். தெருவில் மெக்ரூன் வாங்க வந்தவள், வேதவசனம் வைத்த அந்தச் சின்ன உறையைப் பார்த்து நின்றுவிட்டாளாம்.

"இது யார் வீடுங்க?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்க வீடுதான்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அவள் பெயர் ஷோஷனா. மும்பை யூதக் குடும்பம், வளர்ந்தது சென்னையில். கணவருக்குத் துறைமுகத்துக்கு மாற்றல். அவள்தான் இதைப் படிக்கும் உங்களை எனக்குக் காட்டினாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் நீங்கள் எல்லாரும் போனில் கூடுவீர்களே, அதில் என்னையும் சேர்த்தாள். முதல் நாள் நான் விளக்குக்கு ஆசி சொன்னதும் கொச்சியிலிருந்தும் மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நீங்கள் சொன்ன ஆமென் முன்னும் பின்னுமாகக் கேட்டது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. பண்டிகைக்கு நாங்களே அங்கே வருகிறோம் என்றீர்கள். பேச்சுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். ரயில் டிக்கெட்டை அனுப்பினீர்கள்.

பண்டிகையன்று மத்தியானம் மாடிக்குப் போனால் தலையில் இடி. பந்தல்கார அண்ணாச்சி ஓலைக்கு மேலே கனமான நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, ஓலை வழியா வானம் தெரியணும். இத எடுத்துருங்க."

"என்னம்மா சொல்லுத? மழைக்கு ஒதுங்கத்தான பந்தல் போடுதோம்? மேகம் எப்படித் திரண்டு வருது பாரு. வெளியூர்க்காரங்க நனைஞ்சா நம்ம ஊரப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"எங்க சாமிக்கு இப்படித்தான், அண்ணாச்சி."

முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. தார்ப்பாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இருட்டியதும் சுக்காவுக்குள் கூடினோம். என்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். கொச்சியில் எங்கள் பெண்கள் ஜெப ஆலயத்தின் மேல்மாடியில்தான் உட்காருவார்கள் என்று அம்மா சொல்வாள். அதனால் கதீஷ் நேரம் வந்ததும் நான் ஓரமாக ஒதுங்கி, மூத்தவரான எஸ்ரா அங்கிளைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கிற? அவர் மகள் நீ இருக்கும்போது நான் எதுக்கு? முன்னால வா" என்றார்.

நடுவில் நின்று ஆரம்பித்தேன். இரண்டு வரி போயிருக்காது, மழை கொட்டியது. ஓலை வழியாக எல்லார் தலையிலும் தண்ணீர். மழை வந்தால் சுக்காவை விட்டு வீட்டுக்குள் போகலாம் என்று நம் பெரியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். எனக்குக் குரல் நின்றுவிட்டது. இதோ போய்விடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்பவாவது மூடட்டுமா?" என்று அண்ணாச்சி படியிலிருந்து கத்தினார்.

கண்ணைத் திறந்தேன். ஒருவர்கூட அசையவில்லை. எஸ்ரா அங்கிளின் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷோஷனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு, நாங்க இருக்கோம்" என்றாள்.

சொன்னேன். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே கடைசிவரை சொன்னேன். எல்லாரும் சேர்ந்து சொன்ன ஆமென் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அது அடங்கும் முன் பக்கத்து மாடியிலிருந்து இன்னொரு ஆமென். குடைக்குள் ரோஸ்லின் அக்கா.

"ஏளா எஸ்தரு, உங்கப்பா கேட்டிருப்பாருளா!"

இப்போது வெள்ளிக்கிழமை என் வீட்டில் விளக்கு எரிகிறது. ஆண்டவனோடு பேசுகிறேன். சில நாள் சண்டையும் போடுகிறேன், அவர் கோபித்துக்கொள்வதில்லை. உங்களில் யாராவது தனியாக விளக்கேற்றிக்கொண்டு நமக்கு யாருமில்லை என்று உட்கார்ந்திருந்தால், நான் கேட்டதுபோல வாய்விட்டுக் கேளுங்கள். அனுப்புவார்.

அடுத்த பண்டிகைக்கும் எங்கள் மாடிக்கு வாருங்கள். அண்ணாச்சி பந்தல் போட இப்போதே சம்மதித்துவிட்டார். கூரை ஒழுகத்தான் செய்யும், மாற்றுத் துணி கொண்டுவாருங்கள்.