அசையவில்லை என்று எழுதிய பெண்

காலையில் பள்ளி ஆய்வகத்தைத் திறந்ததும், அங்கே சாமான் கழுவும் அக்கா பையைக்கூட இறக்கி வைக்கமாட்டாள். சன்னலோரத்து ஜாடியைத் தூக்கி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி வெளிச்சத்தில் பார்ப்பாள். பதினோரு வருடமாக இப்படித்தான். "சாமான் கழுவ வந்தவளுக்கு டாக்டர்னு நெனப்பு" என்று வாட்ச்மேன் கிண்டல் செய்வார்.

ஜாடியில் வைக்கோல் ஊறிய தண்ணீர். அதில் பாரமீசியம் வளரும். ஒரே செல்தான் அதன் உடம்பு. சுற்றிலும் மயிரைவிட மெல்லிய குறு இழைகள். அவை துடுப்பு மாதிரி அடிக்க அடிக்க அது நீந்தும். ஒருமுறை டீச்சர் மைக்ராஸ்கோப்பில் காட்டியபோது, "ஐயோ, அவசரமா எங்கேயோ போகுதே!" என்று வாயைப் பிளந்தாள். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அன்று முதல் அந்த ஜாடி பெற்ற பிள்ளை மாதிரி.

தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதும் அவள் வேலை. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் மருந்து இருக்கும்; அது பாரமீசியத்தையும் கொன்றுவிடும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து ஆவியாய்ப் போன பிறகுதான் ஊற்ற வேண்டும். ஒரு வருடம் செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் அந்த வாளித் தண்ணீரைத் தரை துடைக்க எடுத்துவிட்டாள். ஜாடியோ பாதிதான் இருந்தது. ஒரு தடவைதானே என்று குழாயில் பிடித்தே ஊற்றினாள்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் அசையவில்லை. ஆனாலும் பிள்ளைகள் புத்தகத்தில் படித்ததையே எழுதினார்கள்: குறு இழைகள் வேகமாக அடிக்கின்றன. வாயே திறக்காத ஒரு நெட்டைப் பெண் மட்டும் 'இழைகள் அசையவில்லை' என்று எழுதினாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவள் தாளைத் தூக்கிக் காட்டினார். "எல்லார் கண்ணுக்கும் ஓடுது, உனக்கு மட்டும் படுத்துத் தூங்குதாம்மா?"

வகுப்பே சிரித்தது.

"நீங்களே பாருங்க சார்."

"நான் பாக்காததா?" பார்க்காமலே தப்பென்று சிவப்பு மையில் சுழித்தார்.

டீச்சர் அக்காவிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார். "திறந்து வச்ச தண்ணிதானே ஊத்தினீங்க? இல்லேன்னா சொல்லுங்க, சார்கிட்ட பேசறேன்."

"ஆமா டீச்சர்."

வாய் முந்திக்கொண்டது. பிறகு அதைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. காலியான தட்டுகளையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அழவில்லை. பேனாவை மூடிவிட்டுப் போனாள். அந்த மதிப்பெண் குறைந்ததில் அவளுக்கு நர்ஸிங் இடம் கைநழுவிப் போனது.

இப்போது அவள் கடைத்தெருவில் மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். மாமியாருக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் அக்கா அங்கேதான் போகிறாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று அவளே கேட்பாள். "இருக்கேன் கண்ணு" என்பாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. நாலு வருடம் ஆகிவிட்டது. இன்னும் சொல்லவில்லை.